மூன்றாம் எண் ஜன்னல்

ஏழே முக்காலுக்கே வரிசை நின்றுவிடுகிறது. ரத்தம் கொடுக்க வந்தவர்கள் ஓபி சீட்டைக் கையில் விரித்துப் பிடித்திருக்கிறார்கள். சிறுநீர் கொண்டு வந்தவர்கள் குப்பியை முந்தானையிலோ கைக்குட்டையிலோ பாதி மறைத்திருக்கிறார்கள். மலம் கொண்டு வந்தவர்கள் வரிசையிலேயே இல்லை. தூணோரம், வேப்பமரத்தடி, வண்டி நிறுத்தும் இடம் என்று தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். ஜன்னலில் கூட்டம் குறையும் நேரம் பார்த்து வேகமாக வருகிறார்கள். கையில் மஞ்சள் பை. பைக்குள் கறுப்புப் பாலித்தீன். அதற்குள் நூல் சுற்றிய செய்தித்தாள். எல்லாவற்றுக்கும் உள்ளே, நேற்று இதே ஜன்னலில் கொடுத்தனுப்பிய வாயகன்ற பிளாஸ்டிக் டப்பா.

கடலூர் மாவட்டத்தில் முந்திரித் தோப்புகள் சூழ்ந்த ஓர் ஊரின் அரசு மருத்துவமனை இது. தை பிறந்துவிட்டது, மரங்கள் பூவெடுத்திருக்கின்றன. மழைக்காலத்தில் தோப்புக்குள் மண்டிய புதரை வெட்டி, சருகை ஒதுக்கும் வேலை நடக்கிறது. ஆய்வகத்தின் மூன்றாம் எண் ஜன்னலுக்கு உட்புறம், சுவரோரம் போட்ட நாற்காலியில் அனுமதி பெற்று உட்கார்ந்திருக்கிறேன். பார்க்கலாம், பேசக் கூடாது. அதுதான் பேச்சு.

ஜன்னலில் இருப்பவர் ஆய்வக நுட்புநர். ஐம்பதை நெருங்கும் பெண். இளைஞர்கள் மேடம் என்றோ அக்கா என்றோ அழைக்கிறார்கள், வயதானவர்கள் பாப்பா என்கிறார்கள். ஒரு பையன் பொட்டலத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நழுவப் பார்க்கிறான்.

“தம்பி, நில்லுங்க. பேரச் சொல்லிட்டுப் போங்க.”

சொல்கிறான். அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்து, கம்பிக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோகிறார். அடுத்த கேள்வி அவனுக்கு மட்டும் கேட்கிறது. எப்போது போனது, எத்தனை தடவை, சளி மாதிரி இருந்ததா, வயிறு வலிக்கிறதா. அவன் பதில்களைச் சீட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்கிறார். பிறகு கையுறை போட்ட விரல்களால் பொட்டலத்தை அவன் கண்முன்னாலேயே பிரிக்கிறார். நூல், தாள், பாலித்தீன், டப்பா. மூடியைத் திறந்து உள்ளே பார்க்கிறார்.

அந்தக் கணத்தில் பையன் டப்பாவைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்க்கிறான். அவனுக்கு அடுத்து வந்த அம்மாவும் அப்படியே பார்க்கிறார். எல்லோரும் பார்க்கிறார்கள். மூக்கு சுருங்குகிறதா, புருவம் நெரிகிறதா, தலை பின்னால் போகிறதா என்று தேடுகிறார்கள். அவர் முகத்தில் எதுவும் நடப்பதில்லை. “சரியா எடுத்திருக்கீங்க” என்கிறார். பையனின் தோள்கள் இறங்குகின்றன. போகும்போது, “ராத்திரியில ஒருதரம் ரத்தமும் பட்டுச்சுக்கா” என்று தானாகவே சொல்கிறான். மருத்துவரிடம் அவன் அதைச் சொல்லியிருக்கவில்லை. சீட்டில் இல்லை.

உள்ளே மேசையில் வேலை தொடங்குகிறது. பயிற்சிக்கு வந்த மாணவி கண்ணாடித் தகடுகளைத் துடைத்து அடுக்குகிறாள். ஒவ்வொரு தகட்டின் இடது பாதியில் ஒரு சொட்டு உப்புக் கரைசல், வலது பாதியில் ஒரு சொட்டு அயோடின். குச்சி நுனியில் துளி மலம் எடுத்து முதலில் உப்புக் கரைசலில் கலக்க வேண்டும், பிறகு அயோடினில். அயோடின் பட்டால் அசைவன எல்லாம் செத்துப்போகும். ஆனால் புழு முட்டையும் ஒற்றைச்செல் கிருமிகளின் உறைக்கூடும் (சிஸ்ட்) பழுப்பு நிறமேறித் தெளிவாகத் தெரியும். உயிரின் ஓட்டத்தை இடது பாதியில் பார்க்க வேண்டும், உருவத்தின் உள்விவரத்தை வலது பாதியில் பார்க்க வேண்டும். மாணவி கலக்கியதை நுட்புநர் வாங்கி, கீழே கிடக்கும் செய்தித்தாள் மேல் வைக்கிறார்.

“படி.”

மாணவி குனிகிறாள். கலங்கலின் ஊடே எழுத்து தெரியவில்லை.

“எழுத்து தெரியணும். இவ்வளவு கெட்டியா இருந்தா முட்டை ஒளிஞ்சுக்கும். ரொம்ப நீர்த்துப் போனா இருக்கிற ஒண்ணும் தப்பிச்சுக்கும். மறுபடி போடு.”

மறுபடி போடுகிறாள். எழுத்து தெரிகிறது.

ஒன்பது மணிக்கு ஒரு பெரியவர் வருகிறார். பவுடர் டப்பா ஒன்றைத் துண்டுக்குள் பொத்திப் பிடித்திருக்கிறார். நாலு நாளாகச் சீதமும் ரத்தமுமாகப் போகிறதாம். நுட்புநர் டப்பாவைத் திறந்து, சாய்த்து, மூடுகிறார்.

“தாத்தா, இது எப்ப எடுத்தது?”

“ராத்திரி பாப்பா. காலையில வருமோ வராதோன்னு…”

“தண்ணியும் ஒண்ணுக்கும் கலந்திருக்கு.”

பெரியவர் தலை குனிகிறது. அவருக்குப் பின்னால் வரிசையில் இரண்டு பேர் காது கொடுக்கிறார்கள். நுட்புநர் எழுந்து, பக்கத்துக் கதவைத் திறந்து, அவரை உள்ளே நடைவழிக்கு அழைத்துப் பேசுகிறார்.

“உங்க மேல தப்பில்ல தாத்தா. உள்ள இருக்கிற பூச்சி உயிரோட இருந்தாத்தான் நகர்றது தெரியும். ராத்திரி எடுத்தா இதுக்குள்ள செத்துப்போயிருக்கும். ஒண்ணுக்கு பட்டாலும் சாகும். செத்ததப் பாத்து நான் ஒண்ணுமில்லன்னு எழுதிட்டா, நோவு உங்களுக்குத்தான். இப்ப வருமா?”

“வந்துகிட்டேதானே இருக்குது.”

வெளிநோயாளிகள் கழிப்பறை வளாகத்தின் மறுகோடியில் இருக்கிறது. கதவில் தாழ்ப்பாள் இல்லை. குழாயில் காலை பத்துக்கு மேல் தண்ணீர் நின்றுவிடும். நுட்புநர் மேசை இழுப்பறையிலிருந்து ஊழியர் கழிப்பறைச் சாவியை எடுக்கிறார். புது டப்பா, விரிக்க ஒரு தாள், எடுக்க ஒரு குச்சி. முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, பிறகு தாளில் போய், சளியும் ரத்தமும் பட்ட இடத்திலிருந்து கட்டைவிரல் நுனியளவு எடுத்தால் போதும் என்று கையால் காட்டிச் சொல்கிறார். அந்தச் சாவியை அவர் கொடுக்கலாமா என்று எனக்குத் தெரியாது. கொடுக்கிறார்.

பெரியவர் திரும்பி வந்ததும் மற்ற வேலைகள் நிற்கின்றன. நீர்த்த மலம் என்றால் அரை மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். அதற்கு மேல் போனால் சீதபேதி தரும் அமீபா உருண்டு அடங்கி, செத்த செல்லோடு செல்லாகிவிடும். தகடு நுண்ணோக்கிக்குள் போகிறது. முதலில் பத்து மடங்கு வில்லை. நுட்புநரின் வலது கை திருகைத் தள்ளுகிறது, இடது கை குவியத்தை ஏற்றி இறக்குகிறது. மேலிருந்து கீழ், சற்று நகர்ந்து, கீழிருந்து மேல். மூடுகண்ணாடியின் ஒரு விளிம்பு விடாமல் பயணம் நடக்கிறது. நடுவே நிறுத்தி நாற்பது மடங்கு வில்லைக்கு மாற்றுகிறார். மூச்சு நின்றதுபோல் அசையாமல் பார்க்கிறார்.

“இங்க வா. ஓடுது பாரு.”

மாணவி பார்க்கிறாள். பிறகு என்னையும் அழைக்கிறார்கள். சாம்பல் வெளிச்சத்தில் வடிவம் நிலைக்காத ஒரு துளி. அதன் ஒரு பக்கம் தெளிந்த பிதுக்கம் ஒன்று சட்டென்று நீள்கிறது. உடல் முழுவதும் அந்தப் பக்கம் வழிந்து சேர்கிறது. மறுபடி வேறு திசையில் பிதுக்கம். உள்ளே உருண்டையாக மூன்று நான்கு சிவப்பணுக்கள், அது விழுங்கியவை. அவைதான் சாட்சி. எந்தத் தொல்லையும் தராத இன்னொரு அமீபாவும் குடலில் குடியிருக்கும். இரண்டின் உறைக்கூடுகளையும் இந்த நுண்ணோக்கியில் பிரித்துச் சொல்ல முடியாது. ரத்த அணுவை விழுங்கியபடி நகர்வதைப் பார்த்தால்தான் சீதபேதி அமீபா என்று எழுதத் துணிவு வரும். 1875இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபியோதர் லோஷ் என்ற மருத்துவர் சீதபேதியால் வாடிய நோயாளி ஒருவரின் மலத்தில் கண்டதும் இப்படி நகர்ந்த உயிரைத்தான். பெரியவர் சாவி இல்லாமல் வீட்டுக்குத் திரும்பியிருந்தால் இந்த அறையில் யாரும் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாணவிக்குச் சொல்லித்தருவதில் நுட்புநருக்கு ஓய்வில்லை. பலநாள் வயிற்றுப்போக்கோடு வந்த ஒரு குழந்தையின் தகட்டில் ஜியார்டியா கிடைக்கிறது. உதிர்ந்த இலை புரண்டு புரண்டு இறங்குவதுபோல் நீந்துகிறது. அதைக் காட்டிக்கொண்டே, இதை முதலில் பார்த்தவர் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லேவன்ஹுக் என்கிறார். 1681இல் தனக்கே வயிறு கழிந்தபோது, தன் மலத்தைத் தானே செய்த வில்லையின் கீழ் வைத்துப் பார்த்து, கண்டதை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். அவர் வர்ணித்தது ஜியார்டியாவாகத்தான் இருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் முடிவு செய்தார்கள். மாணவி கேட்கிறாள், “வெக்கப்படலையா மேடம்?” நுட்புநர் தகட்டைக் கழிவுத் தொட்டியின் மருந்து நீரில் போடுகிறார். “வெக்கப்பட்டிருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்காது.”

பத்தரை மணிக்கு ஒரு பெண். நாற்பது வயதிருக்கலாம். ஜன்னல் படியேறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். இமையின் உட்புறம் வெளுத்திருக்கிறது. நேற்று எடுத்த ரத்தத்தில் ஹீமோகுளோபின் 6.1. முந்திரித் தோப்பில் கூலி வேலை. டப்பாவை நீட்டும்போதே மறுக்கிறார்.

“எனக்கு வயித்துல ஒண்ணுமில்லம்மா. மூச்சுதான் வாங்குது. டாக்டரு எதுக்கு இத எழுதினாருன்னு தெரியல.”

டப்பாவில் இருப்பது சுண்டைக்காயில் பாதி. இதைக்கூடக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்திருக்கிறார் என்பது தெரிகிறது. நுட்புநர் வாங்கிக்கொள்கிறார். மாணவி தகடு போட்டுப் பார்க்கிறாள். முழு மூடுகண்ணாடியும் பார்த்தாகிவிட்டது. செரிக்காத தாவர நார், அயோடினில் நீலமேறிய மாவுத்துகள், கொழுப்புத் துளிகள், காற்றுக் குமிழ். முட்டை இல்லை. பதிவேட்டை இழுத்து எழுதப் போகிறாள்.

“எழுதாத. ஹீமோகுளோபின் எவ்வளவு?”

“ஆறு புள்ளி ஒண்ணு, மேடம்.”

“வேலை?”

“தோப்புல.”

“அப்ப உப்பு போடு.”

ஒரு தகட்டில் ஏறுவது ஏறக்குறைய இரண்டு மில்லிகிராம் மலம். உருளைப்புழு ஒன்று நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும். அது இருந்தால் இரண்டு மில்லிகிராமில் அநேகமாகச் சிக்கிவிடும். நம் பக்கம் அதிகம் காணும் நெக்கேட்டர் வகைக் கொக்கிப்புழு இடுவது சில ஆயிரம்தான். குறைவாக இருக்கும்போது ஒரு தகடு ஏமாற்றும். அதற்கொரு வழி, சாதாரணச் சமையல் உப்பு. இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்பைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி வைத்திருக்கிறார்கள். சிறு கண்ணாடிக் குப்பியில் மலத்தை அந்த நீரில் நன்றாகக் கலக்கி, விளிம்புவரை நிரப்பி, நீர் மேலே லேசாகப் புடைத்து நிற்கும்போது கண்ணாடித் தகட்டை அதன்மேல் படுக்க வைக்கிறார்கள். கொக்கிப்புழு முட்டை உப்புநீரைவிட லேசானது. மேலே மிதந்து வந்து தகட்டில் ஒட்டும். வில்லிஸ் என்பவர் 1921இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் எழுதிய முறை. மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். இருபது நிமிடம் பொறுக்க வேண்டும்.

அந்த இருபது நிமிடத்தை நுட்புநர் வீணாக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பெஞ்சில் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்காருகிறார்.

“தோப்புல செருப்பு போட்டுக்குவீங்களாக்கா?”

“சருகுல வழுக்கிவிடும். கழட்டி மரத்தடியில போட்டுருவோம்.”

“விரலிடுக்குல அரிப்பு வருமா?”

“மழை விட்டதும் எல்லாருக்கும் வரும். சேத்துப்புண்ணுதானே, மஞ்சள் வச்சா ஆறிடும்.”

“நடுவுல வெளிய போகணும்னா?”

அந்தப் பெண் பதில் சொல்லாமல் முந்தானை நுனியைச் சுருட்டுகிறார். நுட்புநர் காத்திருக்கிறார். “வீடு ரெண்டு மைலும்மா. வேற எங்க போறது? அங்கதான்” என்று பதில் வருகிறது. நுட்புநர் தலையசைக்கிறார், அவ்வளவுதான்.

நிழல், ஈரம், காற்றோட்டமான மணல் கலந்த மண். கொக்கிப்புழு கேட்பது இவ்வளவே. முட்டை ஓரிரு நாளில் பொரியும். ஒரு வாரம், பத்து நாளில் அந்தப் புழுக்குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாக விழுங்கப்பட்டு, சிறுகுடலில் பல் பதிக்கும். ஒரு நெக்கேட்டர் புழு ஒரு நாளில் எடுப்பது 0.03 மில்லி ரத்தம்தான். நூறு புழு இருந்தால் 3 மில்லி. அரைகுறைச் சோறும் கறிவேப்பிலை ரசமுமாக வாழும் உடம்பு அந்த இரும்பை ஈடுசெய்ய முடியாமல் மாதக் கணக்கில் வற்றுகிறது. வயிற்றில் ஒன்றும் தெரியாது. மூச்சுதான் வாங்கும். அந்தப் பெண் சொன்னதில் பொய் இல்லை.

தோல் வழியாக நுழைவதை உலகம் அறிந்ததும் ஒரு மனிதர் தன் மலத்தைப் பார்த்ததால்தான். 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளர் புழுக்குஞ்சு நிறைந்த நீரை விலங்குகளுக்குப் புகட்டும்போது ஒரு துளி கையில் சிந்தியது. அந்த இடம் எரிந்து சிவந்தது. அவர் சந்தேகப்பட்டுத் தன் மலத்தைத் தொடர்ந்து சோதித்தார். சில வாரங்கள் கழித்து முட்டைகள் தெரிந்தன.

இருபது நிமிடம் முடிகிறது. தகட்டைச் சிந்தாமல் ஒரே தூக்கில் எடுத்துத் திருப்பி, மூடுகண்ணாடி போட்டு வைக்கிறாள் மாணவி. பார்க்கிறாள். பேசாமல் நகர்ந்து இடம் விடுகிறாள். நுட்புநர் பார்த்துவிட்டு எண்ணத் தொடங்குகிறார். மெல்லிய ஓடு, நீள்வட்டம், நிறமில்லை. ஓட்டுக்கும் உள்ளே பிளவுபட்ட நான்கு, எட்டு உயிரணுக்களுக்கும் நடுவே தெளிந்த இடைவெளி. ஒரு மில்லிமீட்டருக்குள் இவற்றில் பதினாறை வரிசையாக வைக்கலாம். இந்தத் தகட்டில் பல இருக்கின்றன.

“அக்கா, பூச்சி இருக்கு. கொக்கிப்புழு. அதான் ரத்தத்தைக் குடிக்குது.”

அந்தப் பெண்ணின் முகம் சுருங்குகிறது. “எனக்கா? நான் தெனம் குளிக்கிறவம்மா. சின்னப் புள்ளைங்களுக்குத்தானே பூச்சி வரும்?”

“மண்ணுலேர்ந்து கால் வழியா வருதுக்கா. நீங்க சுத்தமில்லாதவங்கன்னு யாரு சொன்னா? இது வேலை செய்யற எடத்து நோவு. மாத்திரை இருக்கு. ரத்தத்துக்கும் மாத்திரை தருவாங்க. டாக்டர்கிட்ட இந்தச் சீட்டைக் காட்டுங்க.”

பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் குடற்புழு நீக்க நாள் வருகிறது. ஒன்று முதல் பத்தொன்பது வயதுவரை அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல காரியம். இந்தப் பெண்ணின் பிள்ளைகள் அதைச் சாப்பிட்டிருப்பார்கள். நாற்பது வயதுத் தோப்புக் கூலிக்கு அந்த நாள் இல்லை. அவரிடம் புழுவைக் கண்டுபிடிக்க இந்த ஜன்னல்தான் இருக்கிறது. உலகில் மண்வழிப் புழுக்கள் தொற்றியவர்கள் சுமார் 150 கோடி என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அத்தனை பெரிய எண்ணுக்குள் ஒருவர் இப்போது பெஞ்சில் உட்கார்ந்து தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நம் மக்களுக்கும் இந்தப் புழுவுக்கும் பழைய கணக்கு உண்டு. 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் சுகாதார வாரியம் இலங்கையின் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. தமிழ் மாவட்டங்களிலிருந்து கப்பலேறிப்போன தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரின் குடலில் புழு இருந்தது. கூலி எத்தனை பேர், வேலை எவ்வளவு குறைகிறது என்ற கணக்கு தோட்டத் துரைமாருக்கு அக்கறையாக இருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் கழிப்பறை கட்டித்தரச் சொன்னபோது அதே அக்கறை எளிதில் வரவில்லை. நூறாண்டு கழித்தும் கேள்வி அதே இடத்தில்தான் நிற்கிறது: வேலை செய்யும் இடத்தில் ஒதுங்க இடம் உண்டா?

பதினொன்றரைக்கு ஒரு தாய் தூங்காத குழந்தையோடு வருகிறாள். ராத்திரி முழுக்க ஆசனவாயைச் சொறிகிறதாம். மலத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று வேறெங்கோ எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். கீரிப்பூச்சி ராத்திரியில் வெளியே வந்து தோலில்தான் முட்டையிடும், மலத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. நுட்புநர் செல்லோடேப் ஒட்டிய ஒரு தகட்டைக் கொடுத்து, விடிந்ததும் குழந்தை கழிப்பறை போகுமுன், கழுவுமுன், ஒட்டும் பக்கத்தை அங்கே ஒற்றி எடுத்துத் தகட்டிலேயே திரும்ப ஒட்டிக் கொண்டுவரச் சொல்கிறார். செய்தும் காட்டுகிறார், தன் புறங்கையில்.

உச்சிவேளைக்கு அறிக்கைகள் எழுதுகிறார்கள். மாணவி ஓரிடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறாள். நுட்புநர் அதை அடித்து, ‘இந்த மாதிரியில் காணப்படவில்லை’ என்று மாற்றுகிறார். கீழே, ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள் இன்னும் இரண்டு மாதிரி தரவும்’ என்று சேர்க்கிறார். முட்டையும் உறைக்கூடும் எல்லா நாளும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை. ஒரு நாள் கண்ணில் படாதது மூன்றாம் முறை படலாம். ஆனால் முதல் முறை ஜன்னலில் முகம் சுளித்துப் பார்த்தவரிடம் யார் இரண்டாவது டப்பாவைக் கொண்டுவருவார்கள்?

இந்த அறையில் பார்த்தது எல்லாம் எனக்கு அந்தக் கேள்வியில் வந்து சேர்கிறது. நுண்ணோக்கியும் அயோடினும் உப்புநீரும் சரியாக இருக்கலாம். பழைய மலம், சிறுநீர் கலந்த மலம், போதாத மலம் வந்தால் அவை பொய்யைத்தான் சொல்லும். அப்படி வரக் காரணம் மக்களின் அறியாமை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. நான் பார்த்தவர்கள் அறியாமல் செய்யவில்லை, கூசிப்போய்ச் செய்தார்கள். அந்தக் கூச்சத்தை இறக்கிவைப்பதும் ஆய்வகத்தின் வேலைதான். பக்கத்தில் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறை, தனியே பேச ஒரு கதவு, எடுக்கும் விதத்தை நிதானமாகச் சொல்ல ஓர் ஆள். லட்சங்கள் கொடுத்து ரத்தம் எண்ணும் இயந்திரம் வாங்கும் மருத்துவமனைகள் இதையும் சோதனைச் செலவாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒருவர் தன் கைச்சாவியால் சமாளிப்பது அவருடைய நல்ல மனம். அதையே ஏற்பாடாக நினைத்துவிடக் கூடாது.

ஜன்னலை மூடும் நேரத்தில் தோப்புக்காரப் பெண் மாத்திரைக் கவரோடு திரும்பி வருகிறார். இப்போது தள்ளி நிற்கவில்லை. கம்பிக்கு நேரே வந்து, சாதாரணக் குரலில் கேட்கிறார்.

“எங்க கூட்டத்துல இன்னும் ஆறு பேரு இருக்காங்கம்மா. அவங்களுக்கும் இப்படித்தான் மூச்சு வாங்குது. டப்பா தர்றீங்களா?”

“நாளைக்கு ஓபில சீட்டு போட்டு டாக்டரப் பாக்கச் சொல்லுங்க. டப்பா எடுத்து வைக்கிறேன். காலையில எடுத்தத காலையிலேயே கொண்டாரணும், சொல்லிடுங்க.”

“சொல்றேன். ஒண்ணுக்கு படக் கூடாது, கட்டவிரல் அளவு, அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

நுட்புநர் நாளைய குறிப்பேட்டைத் திறந்து, ‘தோப்பு – 6’ என்று எழுதி, அலமாரியிலிருந்து ஆறு டப்பாக்களை எண்ணி மேசைமேல் வைக்கிறார்.